ஐஸ்பெட்டிக் கதவில் பதினொரு புள்ளிகள்

கொஞ்சம் படித்துவிட்டவர்களுக்கு வரும் வியாதி ஒன்று உண்டு: எதையாவது பட்டியல் போடாவிட்டால் தூக்கம் வராது. மகள் பிறந்த பிறகு எனக்கு அது முற்றிவிட்டது.

மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களுக்கென்று ஒரு முகநூல் குழு இருக்கிறது. அதில் யார் மழை என்று எழுதினாலும் நீலப் புள்ளி, காய்ச்சல் என்று எழுதினாலும் சிவப்புப் புள்ளி. நானே வரைந்து ஐஸ்பெட்டியில் ஒட்டிய தாமான் வரைபடத்தில் வைப்பேன். (வானிலை இலாகாவுக்கே தெரியாத மழையெல்லாம் அதில் பெய்திருக்கிறது.)

ஒரு வியாழக்கிழமை, இரண்டு வயது கவினியின் காலில் சிவப்புப் பொரிகள். படம் எடுத்து, பெயரை மறைத்துக் குழுவில் போட்டேன்: ‘இது கை, கால், வாய் நோயா?’ அறுபது பேர் அழுமுகம் போட்டார்கள். டாக்டரிடம் காட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. (கிளினிக்கில் நோயாளிகள் இருப்பார்களே.)

மறுநாள் முதல் செய்திகள் கொட்டின. பின்வரிசை வீட்டில் ஒரு குழந்தைக்குப் பொரியாம். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்றாம். சனிக்கிழமை காலை பதினொரு சிவப்புப் புள்ளிகள்.

ஞாயிறன்று நாத்தனார் மாலதியின் ஒரு வயது மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி என் கணவருடையது. அதாவது, நோய் கண்ட வீட்டு மடி. மாலதியை அழைத்தேன்.

“தள்ளி வச்சிடும்மா. இங்க பதினோரு கேஸ்.”

“அண்ணி, தங்காக் போயி பட்டெல்லாம் எடுத்தாச்சு. நாப்பது பேரு வராங்க லா.”

“நாப்பது பேருக்கும் ஒட்டிக்கும்.”

அவள் அழுதபடியே நாற்பது பேருக்கும் சொல்லி முடித்தாள். நான் ஒரு தாமானையே காப்பாற்றிய களைப்பில் தேநீர் குடித்தேன்.

மாலையில் சிகாமட்டிலிருந்து பெரியம்மா ஒரு படம் அனுப்பினார்: ‘உங்க பக்கம் பரவுதாம், பிள்ளைய பத்திரமா பாத்துக்க.’ பொரி பொரியாக ஒரு பிஞ்சுக் கால். ஐயோ, யார் பெற்ற பிள்ளையோ என்று பன்னிரண்டாவது புள்ளி வைக்க எழுந்தேன். வேலை முடிந்து வந்த கணவர் படத்தை எட்டிப் பார்த்தார்.

“இது நம்ம வீட்டுப் பாய்.”

“பாய் எல்லா வீட்டுலயும்தான் இருக்கும்.”

“நீ இஸ்திரிப் பெட்டிய வச்சி சுட்ட ஓட்டையுமா இருக்கும்?”

பெற்ற தாய் மறுபடி பார்த்தேன். கவினியின் கால். நான் போட்ட படத்தைத்தான் தாமானே கைமாற்றிக்கொண்டிருந்தது. பதினொரு வீட்டிலும் நோயாகக் கிடந்தவள், என் காலடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த இவள் ஒருத்திதான்.

அவளைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். “பாயில உக்காந்து பிஸ்கட் சாப்பிடுவாளா? எறும்புக்கடிம்மா.”

நல்ல நாளும் மண்டபமும் மறுபடி கூடிவர ஒன்பது மாதமாயிற்று. அதற்குள் மருமகன் நடக்க, ஓட, கடிக்கக் கற்றிருந்தான். மாமன் மடியில் அவன் துள்ளிய துள்ளலில் இடது காதுத் துளை மட்டும் மேலே ஏறிவிட்டது.

ஏன் கோணலாக இருக்கிறது என்று இன்றும் யாராவது கேட்பார்கள். மாலதி என் பக்கம் கையைக் காட்டுவாள்.

“அதுவா? எங்க அண்ணி வச்ச பன்னெண்டாவது புள்ளி.”