செஞ்சந்தனப் பற்று

"மாத்திரை?"

"காலையிலேயே போட்டாச்சு. கேக்கல."

"இன்னொண்ணு?"

"இன்னிக்கு அதுக்கு மேல கூடாதுன்னுட்டார் டாக்டர். இருட்டு அறையில படுத்துக்கணுமாம். அஞ்சு மணிக்கு நான் பட்டினப்பாக்கத்துல பேசணும், கருணா. இருட்டு அறைக்கு எங்கே போவேன்?"

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், தலையின் வலப்பாதியை உள்ளங்கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார் காவேரி டீச்சர். பகலில் பள்ளியில் அறிவியல். மாலையில் மேடையில் பகுத்தறிவு. மூடநம்பிக்கையை முச்சந்திக்கு இழுத்து வந்து, முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர். மிரட்டலுக்கு அஞ்சியதில்லை, ஏளனத்துக்கு அயர்ந்ததில்லை. அத்தகையவரை அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமையில் அரைத் தலை முழுதாக வீழ்த்தியிருந்தது.

வீழ்ந்து கிடக்க நேரமில்லை. அவருடைய பழைய மாணவி ஆஷா, தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் ராம்குமாரை மணக்க விரும்பினாள். அவளுடைய தந்தை முனியனோ, "கடலுக்குப் போவாதவனுக்கு என் வூட்ல பொண்ணு இல்ல" என்று அறிவித்து, அன்று மாலையே தம் மச்சான் மகனுக்குத் தாம்பூலம் மாற்ற ஏற்பாடு செய்துவிட்டார். தட்டு கைமாறிவிட்டால், அவள் வாழ்வும் கைமாறிவிடும்.

"அத்தைகிட்ட அழுது பாத்துட்டேன் டீச்சர்" என்று முதல்நாள் தொலைபேசியில் விம்மினாள் ஆஷா. அத்தை என்றால் தேசம்மா. முனியனின் அக்கா; மீன் விற்பவர். அம்மன் இறங்கிக் குறி சொல்வது அவர்மேல்தான். முனியன் இந்த உலகில் பணிந்த ஒரே குரல் அது. "ஆத்தா வந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லட்டும்னு கேட்டேன். நான் கூப்ட்டா அவ வரமாட்டா, அவ நெனச்சாத்தான் வருவான்னுட்டாங்க."

"கூப்பிட்டா வராத சாமிய விடும்மா. அறிவு கூப்பிட்ட உடனே வரும். நான் வரேன்."

அந்த வாக்குத்தான் இப்போது வலியைவிட வலித்தது.

கணவர் கருணாகரன் பையோடு வந்து நின்றார். பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் இருக்கும் சித்த வைத்தியரிடம் ஓடிப் போய் வாங்கி வந்த பை. இத்தகைய ஒரு நாளுக்காகவே அவர் நெடுங்காலம் காத்திருந்தார்.

"இது ஆயிரம் வருஷத்து வைத்தியம், காவேரி."

"வயசு ஒரு சான்று இல்ல, கருணா. தலைவலிக்கு அதைவிட வயசு அதிகம். 'மருந்தா? மெய்ப்பித்துக் காட்டு!'னு துண்டறிக்கை போட்டவ நான்."

"சரி. இப்ப வாதம் பண்ணத் தெம்பு இருக்கா?"

இல்லை. தெம்பற்ற நேரத்தில்தான் கொள்கைகள் சோதிக்கப்படுகின்றன. காவேரி தலையைக் கொடுத்தார்.

முதலில் தைலம். உச்சியில் ஊற்றித் தேய்த்தார் கருணாகரன்.

"கூந்தல முடியாதே. சூடு வெளியேறணுமாம்."

கூந்தல் இடுப்புவரை அவிழ்ந்து தொங்கியது. தைலம் கண்ணுக்குள் வழிந்தது. கண்கள் இரண்டும் குருதியாய்ச் சிவந்தன. வலி மட்டும் அசையவில்லை.

அடுத்து, மஞ்சள் போட்டுக் கொதித்த நீரில் ஆவி. போர்வைக்குள் கண் தெரியாமல் கை வீசியதில் பாத்திரம் சாய்ந்தது. தோல் தப்பியது, மேடைக்கென்று கட்டிய வெள்ளைப் புடவை தப்பவில்லை. மார்பிலிருந்து கால்வரை மஞ்சள்.

"வேற புடவை மாத்திக்கிறேன்" என்று எழுந்தார். அறை ஒருமுறை சுழன்றது. மீண்டும் உட்கார்ந்தார்.

"உக்காரு, உக்காரு. கடைசி மருந்து இதுதான்."

செஞ்சந்தனத்தை இழைத்து, ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை நெற்றியில் தடிமனாக அப்பினார் கருணாகரன். "காயற வரைக்கும் தொடாதே."

அது காய்ந்தது. காயக் காய நெற்றித் தோலை இழுத்துப் பிடித்தது. தலைக்கு உள்ளே வலி, வெளியே பற்று, நடுவில் காவேரி.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெயில் கண்ணில் ஈட்டியாய்ப் பாய்ந்தது. கருணாகரன் தெருவோர மரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்து வந்தார்.

"கண்ணுக்கு நொச்சி வெக்கச் சொன்னார் வைத்தியர். நம்ம தெருவுல வேப்பமரம்தான் இருக்கு."

பட்டினப்பாக்கம் நெருங்கியதும் கருவாட்டு வாசம் வயிற்றைப் புரட்டியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தவர் பயபக்தியோடு ஓர் எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டினார்.

"மோந்துக்கினே வாம்மா. வாந்தி வராது."

கண்ணாடி பார்க்கும் நிலையில் காவேரி இல்லை. மருந்தைத் தவிர வேறெதையும் பார்க்கும் நிலையில் கருணாகரன் இல்லை.

முனியன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவே தாம்பூலத் தட்டு. பக்கத்து அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் முழங்கிக்கொண்டிருந்தன. வேப்பங்கொத்தும் எலுமிச்சம்பழமும் கையிலிருக்கக் காவேரி இறங்கினார். பம்பையின் ஒவ்வோர் அடியும் வலப்பொட்டில் விழுந்தது. விழுந்த அடிக்கெல்லாம் உடல் துள்ளியது, தலை சுழன்றது.

"அடிக்காதீங்க! நிறுத்துங்க!"

பம்பை நின்றது. உடுக்கை நின்றது. எந்த மேடையிலும் அவருக்குக் கிடைக்காத அமைதி அந்தத் தெருவில் கிடைத்தது.

மீன் கூடையருகே நின்ற தேசம்மா, அந்தச் சிவந்த கண்களை உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கைகளை உயர்த்திக் கூவினார்:

"ஆத்தா வந்துட்டாடா!"

தெருவே தரையில் விழுந்தது.

"எழுந்திருங்க! நான் ஆத்தா இல்ல! எனக்குத் தலைவலி!"

"ஆத்தா கோவமா கீறா!" என்றது ஒரு குரல்.

"ஆத்தாளுக்கே தலவலி வர்ற மாரி நாம இன்னா தப்பு பண்ணோம்?" என்று அழுதது இன்னொரு குரல்.

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சுடர் கண்ணைக் குத்தியது. "ஐயோ, அணைங்க! வெளிச்சம் வேணாம்!"

"கற்பூரத்தையே வாணான்றா!"

முனியன் கைகூப்பியபடி முன்னால் வந்தார். "நான் இன்னா தப்பு பண்ணேன் ஆத்தா? நீயே சொல்லு."

காவேரி நிமிர்ந்தார். வலி ஒரு பக்கம் இருந்தது. வாக்கு மறுபக்கம் இருந்தது. மேடைக் குரல் எழுந்தது.

"முனியன்! ஏலம் போட்டு எடுத்துச் செல்ல உன் மகள் வஞ்சிர மீனா? அவள் மனிதப் பிறவி! அவள் வாழ்வைப் பற்றி அவளைக் கேட்டாயா? கேள்! அவள் யாரைச் சொல்கிறாளோ அவனே மாப்பிள்ளை! இதைச் சொல்வது தெய்வமல்ல. ஒரு பள்ளி ஆசிரியை!"

"கேக்கறேன் ஆத்தா, கேக்கறேன்" என்றார் முனியன். மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு யாரும்மா வோணும்?"

"ராம்குமார், நைனா."

"செரி."

தாம்பூலத் தட்டு உள்ளே போனது. ஆஷா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காவேரியைத் தேசம்மா தம் வீட்டுக்குள் அழைத்துப் போனார். சன்னலை மூடினார், திரையை இழுத்தார், பாயில் படுக்கவைத்தார். டாக்டர் சொன்ன இருட்டு அறை கடைசியில் அங்கே கிடைத்தது. வலி மெல்ல இறங்கியது. கண்ணீர் இறங்கியது அதற்கு முன்னால்.

"இத்தனை வருஷமா பேசறேன். ஒருத்தர் கேக்கல. இன்னிக்கு வேப்பிலை பேசுச்சு, எல்லாரும் கேட்டாங்க. ஆஷா ஜெயிச்சா, நான் தோத்துட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் இதே தெருவுல மேடை போட்டு உண்மையைச் சொல்வேன். அது சாமி இல்ல, ஒத்தைத் தலைவலின்னு."

தேசம்மா ஈரத்துணியைப் பிழிந்தார். கேட்காமலே வலப்புருவத்தின் மேல், வலி குடியிருந்த அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

"எங்கே வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தேசம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"உனுக்கு வலப்பக்கம், எனுக்கு இடப்பக்கம், டீச்சரம்மா, இருவது வருசமா எம்மேல எறங்கிக்கினு கீற ஆத்தாளும் இதே தலவலிதான்."