அத்தை ஏற்றிய கல்யாண வீடியோ

ஏதாவது கெட்டுப்போனால், கடைசியாக அதைத் தொட்டவர் மேல் பழி போடுவதற்கு எங்கள் தொழிலில் விசாரணை என்று பெயர். (மற்ற தொழில்களில் எப்படியோ.)

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தரவுத்தள மென்பொருள் செய்யும் சிறிய அலுவலகம். புதிதாக எதைச் சேர்த்தாலும், பழையது கெடவில்லையே என்று பார்க்கத் தானியங்கிச் சோதனைகள் ஓடும். அந்த வாரம் அவை பாதியிலேயே விழுந்துகொண்டிருந்தன. காரணம் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

விழுந்த இடமெல்லாம் செல்வம் எழுதிய பகுதி. அவர் மதுரையிலிருந்து வேலை விசாவில் வந்தவர். மென்பொருளின் இந்தப் புதிய பதிப்பு ஒழுங்காக வெளியானால்தான் அவருடைய ஒப்பந்தம் நீளும். அவர் எழுதியதை நீக்கிவிட்டு ஓட்டினேன், விழுந்தது. திரும்பச் சேர்த்து ஓட்டினேன், விழுந்தது. இதிலிருந்து ஆரம்பப் பள்ளி மாணவன்கூட ஒரு முடிவுக்கு வருவான். நான் வரவில்லை. செல்வத்தின் பிழை மிக ஆழமானது என்று அறிக்கை எழுதினேன்.

மேலாளர் லிம் கூட்டம் போட்டார். நான் விளக்கிக்கொண்டிருந்தேன், செல்வம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைப்பேசி அடித்தது. கேரி தீவில் இருக்கும் என் அத்தை. துண்டிக்கப் போய் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டேன்.

"தம்பி, ஒன் கல்யாண வீடியோ ஏற மாட்டேங்குது லா. பாதியில நின்னு எடம் இல்லேன்னு சொல்லுது. நேத்தும் இப்படித்தான்."

உறவினர்கள் எடுத்த படங்களைச் சேர்க்க நான்தான் ஒரு பொதுக் கோப்புறை திறந்து கொடுத்திருந்தேன், சோதனைகள் ஓடும் அதே அலுவலகக் கணினியிலேயே. (அதில்தான் இடம் அதிகம்.) அத்தை வீடியோ ஏற்றினால் இடம் நிரம்பும். எழுத இடமில்லாமல் தரவுத்தளம் விழும். வட்டில் அதிகம் எழுதுவது செல்வத்தின் பகுதி, அதனால் விழுவதும் அங்கேதான். ஏறாத பாதி வீடியோ தானே அழிந்துவிடும். நான் வந்து பார்க்கும்போது இடம் தாராளமாக இருக்கும்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் செல்வமும்தான். என்ன அவசரம் என்று லிம் கேட்டார்.

செல்வம் தலை நிமிர்ந்தார். "நீங்களே சொல்லிடுறீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். கோப்புறையைத் திறக்கச் சொன்னார் லிம். மணமேடையில் கொட்டாவி விடும் நான், கூட்ட அறையின் சுவர்த் திரை முழுக்க.

செல்வத்தின் ஒப்பந்தம் நீண்டது. இப்போது கிள்ளானில் எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் இல்லாமல் நடப்பதில்லை. என் அறிக்கைக் கதை வீட்டுக்குத் தெரிந்ததிலிருந்து, ரசத்தில் உப்பு கூடினாலும் கேட் திறக்காவிட்டாலும் செல்வம்தான் காரணம் என்பது குடும்ப முடிவு. போன தீபாவளிக்கு அவர் வருவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் அத்தை கேட்டார்: "செல்வம் இன்னும் வரலியே லா. அறிக்கைய யாரு பேர்ல எழுதுவ?"