மீதிக் கதை சாப்பாட்டுக்குப் பிறகு

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, நான், பாஸ்டர், சபையிலிருந்து ஒரு இருபது பேர். இல்லாதவர்கள் இரண்டே பேர். பிரியாணி அண்டாவை எடுத்துவர அப்பா ஆட்டோவில் குரோம்பேட்டை போயிருந்தார். பெரியப்பா நான்கு வருஷமாகவே வருவதில்லை. அந்த இரண்டு பேரும் இல்லாத நேரம் பார்த்து நான் ஒரு கதை சொன்னேன்.

பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து அப்பா நல்லபடியாகத் திரும்பியதற்கு, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் நன்றி ஜெபம். பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது. திருமுடிவாக்கத்தில் இருக்கும் அவருடைய லேத் பட்டறையை விட்டு அப்பா வேறு கம்பெனிக்குப் போன நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. "வீட்டில் ஜெபம், அவசியம் வரவும்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் அம்மா. மற்றதை நேரில் வந்தால் சொல்லிக்கொள்ளலாமாம். நேரில் வந்து கூப்பிடாதவன் வீட்டுக்கு எதற்குப் போவது என்று பெரியப்பா இருந்துவிட்டார். கூடப்பிறந்தவர் வராத வீட்டில் பிரியாணி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று காலையிலிருந்து அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவரை வரவழைப்பது என் பொறுப்பு என்று நானாக முடிவுசெய்தேன். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். (அங்கே செக்யூரிட்டி வேலை பார்த்த மாமாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.) அதிலும் முந்தின மாதம்தான் காட்டாங்குளத்தூரில் இரண்டு நாள் கதைப் பயிற்சி முடித்திருந்தேன். கதைக்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், சிக்கல் வேண்டும், உச்சம் வேண்டும், முடிவு வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்த மேடம். நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்லுங்கள், கேட்பவர் மூச்சைப் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள் என்றும் சொன்னார். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து, பெரியப்பாவும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு செய்தேன். அப்பா ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் மூன்று மணி நேரமாகிறது. (உண்மையில் முக்கால் மணி நேரம். சிக்கல் போதவில்லை.) அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கதவு திறக்கிறது. டாக்டர் மாஸ்க்கைக் கழற்றுகிறார். அம்மாவைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு...

நிறுத்தி, அனுப்பினேன். மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பலாம், அதற்குள் பெரியப்பா மனசு கரைந்து ஒரு போனாவது செய்வார் என்பது என் திட்டம்.

செய்தார். ஜெபம் ஆரம்பித்ததால் என் போன் சைலன்டில் இருந்தது. அடுத்து அம்மாவுக்கு அடித்தார். சத்தத்தை நிறுத்துவதாக நினைத்து அம்மா பச்சைப் பொத்தானை இழுத்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டார். அந்த முனையில் பெரியப்பாவுக்குக் கேட்டது இருபது பேர் சேர்ந்து பாடிய பாட்டு. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று அவர் வைத்துவிட்டதாகப் பெரியம்மா பிற்பாடு சொன்னார்.

அப்பாவைக் காணோமே என்று நான் வாசலில் நின்றபோது ஆட்டோ வந்தது. அண்டாவோடு அப்பா இறங்கினார். பின்னாலேயே ஒரு வேன். அதிலிருந்து பெரியம்மா, பட்டறை ஆட்கள் ஆறு பேர், கடைசியாகப் பெரியப்பா. கையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர்வளையம்.

நான்கு வருஷம் கழித்து அண்ணனைப் பார்த்த அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாண்ணா. ஜெபத்துக்கு எதுக்குண்ணா இவ்ளோ பெரிய பூவு?"

பெரியப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்குத்தான்டா வாங்கினு வந்தேன்" என்றார். அதற்குள் குரல் உடைந்துவிட்டது. வளையத்தோடு சேர்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். நடுவில் அண்டா இருந்ததால் முழுசாகக் கட்ட முடியவில்லை.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும், அந்த வாய்ஸ் அனுப்பினவன் எங்கே என்றார். நான் பாஸ்டருக்குப் பின்னால் இருந்தேன்.

"டாக்டர் பாத்துட்டு இன்னாடா சொன்னாரு?"

"சாயந்திரம் இட்லி குடுக்கலாம்னாரு, பெரியப்பா."

"இத மொதல்ல சொன்னா உன் வாய் வலிக்குமா?"

பிரியாணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, உப்பு கம்மி என்றார். அதைக் கேட்டு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பட்டறை ஆட்கள் சாப்பிட்டது போக மிச்சமிருந்த தயிர்ப் பச்சடிதான் எனக்கு.

இன்றைக்கும் வீட்டில் நான் வாயைத் திறந்து, "இன்னிக்கி ஆபீஸ்ல சார்..." என்று ஆரம்பித்தால் போதும், "ஆளு இருக்காரா, மொதல்ல அத சொல்லு" என்பார் அம்மா.

வேன் வாடகையைப் பெரியப்பாவே கொடுத்தார். வளையத்தின் ரிப்பனில் அப்பா பெயர் இருந்ததால் அதற்கு மட்டும் காசு வாங்காமல் நகரமாட்டேன் என்றார். தானே போயிருந்தால் எண்ணூறுக்குப் பேசி முடித்திருப்பேன் என்று அப்பா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொடுத்தது ஆயிரத்து இருநூறு ரூபாய்.