காற்றைக் கட்டிய கொடி

காற்றுக்கட்டியார் வந்துவிட்டார் என்றதும் மைதானமே வில்லைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஓடியது. அவர் காற்றைக் கட்டுவார். காணிக்கை வைத்து அவரிடம் ஒரு கொடி வாங்கி இலக்கின் உச்சியில் செருகினால் போதும். எப்பேர்ப்பட்ட காற்றும் அந்த இலக்கின் முன்னால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் கொடியைப் பார்க்கலாம். அது அசையவே அசையாது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வில்வித்தைச் சங்கச் செயலாளரே முதல் பக்தர். ஒலிபெருக்கியில் காற்றுக்கட்டியாரின் மகிமையைப் பாடிக்கொண்டிருந்தபோதே செயலாளரின் தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று.

"பாத்தீங்களா? இலக்குகிட்டேருந்து விரட்டின காத்து இங்க வந்து மோதுது!" என்றார். கூட்டம் கைதட்டியது.

வரிசையில் முண்டியடித்தவர்களில் இயற்பியல் ஆசிரியை ஒருவரும் உண்டு. காற்றழுத்தம் பற்றிய பாடத்தைப் புத்தகம் பார்க்காமலே நடத்துபவர். அன்று அவர் மகளுக்கு இளையோர் அணித் தேர்வின் கடைசிச் சுற்று. மூன்று பேருக்குத்தான் இடம். இந்த ஆண்டு விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

"எனக்குப் பழைய கொடியே போதும்மா. அதைப் பாத்துத்தான் குறியே வைப்பேன்" என்றாள் மகள்.

"பேசாம இருடி. எல்லாரும் வாங்கறாங்க. நாம மட்டும் வாங்காம தோத்துட்டா?"

வில்லாளி நிற்கும் இடத்தில் ஒரு காற்று, இலக்கின் பக்கத்தில் வேறொரு காற்று. எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று சொல்வது இலக்கின் மேலுள்ள கொடிதான். புதுக்கொடியோ செத்த எலிபோலத் தொங்கியது. மகள் நேராகக் குறிவைத்தாள். அம்பு மஞ்சள் நடுவட்டத்தை விட்டு வலப்பக்கச் சிவப்பில் குத்தியது. அடுத்த அம்பும் அங்கேயே. அதற்கடுத்ததும்.

இடைவேளையில் அம்மா அவளைக் காற்றுக்கட்டியார் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மனசுல சந்தேகம் இருந்தா அம்பு விலகத்தான் செய்யும். நம்பிக்கைக் குறைவு, மகளே."

"எல்லாருக்குமா, ஐயா? கொடி வாங்கின அத்தனை பேர் அம்பும் வலப்பக்கம்தான் போயிருக்கு. நம்பிக்கை குறைஞ்சா அம்பு இடப்பக்கம் போகவே போகாதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அந்தக் கடைசி இலக்குக்காரி கொடியே வாங்கல. அவ மட்டும்தான் நடுவுல அடிக்கிறா" என்றாள் மகள்.

"ரகசியமா வாங்கியிருப்பா" என்றார் செயலாளர்.

மகள் விடவில்லை. "ஐயா, உங்க சால்வையைக் கொடிக்குப் பக்கத்துல பிடிங்க. காத்து அடங்கியிருந்தா அதுவும் அசையாதுல்ல?"

"இது மந்திரிக்காத சால்வை."

"நீங்க கட்டினது காத்தையா, துணியையா?"

அம்மாவுக்கு முகம் சிவந்தது. "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? நானே பிடிக்கறேன். பாத்துட்டு வாயை மூடு."

விறுவிறுவென்று இலக்கிடம் போய்த் தன் கைக்குட்டையை நீட்டினார். அது படபடத்து வலப்பக்கமாக விறைத்து நின்றது. ஒரு சாண் தள்ளிக் கொடி தேமே என்று தொங்கியது. ஆசிரியை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொடியைக் கழற்றி அடி ஓரத்தைத் தடவினார். கெட்டியாக ஏதோ நெருடியது. பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தார். உள்ளேயிருந்து சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் உதிர்ந்தன. மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கட்டும் அதே குண்டுகள். இங்கே மீன்கள் வரிசையில் நின்று தூண்டிலை விலைக்கு வாங்கியிருந்தன.

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது காற்றுக்கட்டியார் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். மந்திரிக்காத சால்வை பின்னால் நன்றாகவே பறந்தது.

பழைய கொடிகள் திரும்ப ஏறின. மகள் இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்தாள். அம்புகள் மஞ்சளில் போய்க் குவிந்தன. ஆனால் முதல் பாதியில் போன புள்ளிகள் போனவைதான். கடைசி இலக்குக்காரி முதலிடம். ஆசிரியையின் மகள் நான்காவது.

அவள் வில்லைப் பிரித்து உறையில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செயலாளர் மெல்ல அருகே வந்து கிசுகிசுத்தார். "இவன் போலிங்க, டீச்சர். அசல் ஒருத்தர் இருக்காராம். அடுத்த போட்டிக்கு அவரையே கூப்பிட்டுடலாம்."

"அசலா போலியான்னு அப்புறம் பாக்கலாம் சார்" என்றார் ஆசிரியை. "படிச்ச நாம ரெண்டு பேரும் ஏன் கொஞ்சங்கூட யோசிக்கலன்னு முதல்ல பாப்போம். அதுக்குக் காணிக்கை எதுவும் வைக்க வேண்டியதில்லை."