டாக்டரம்மா முன்னால் நான் ஒப்பித்த சாவு

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி வைப்போம். துக்கத்தையே பெருக்கித் துடைத்து வைத்தவள் இந்தக் கடற்கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

என் மகன் அந்தோணி சங்கு குளிக்கப் போனவன், உயிரோடு கரையேறவில்லை. அதன்பிறகு நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. படகு எஞ்சின் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் தலையை நுழைத்துக்கொள்வேன். (மருமகள் கேட்டால் செருப்பைத் தேடுகிறேன் என்பேன்.)

அவள்தான் ஜெனியைக் கூட்டிவந்தாள். இப்படி மனசு முறிந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் புதிதாகப் படித்து வந்த பிள்ளை. கண்ணை மூடி அந்த நாளை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வாள். அடுத்த வாரமும் அதையேதான். பல பேருக்குச் செய்து பார்த்துப் பலன் தெரிந்த முறையாம். எனக்கோ, படகு கரைக்கு வந்த இடத்தோடு வாய் கட்டிப்போகும்.

ஒருநாள் ஜெனி முகம் வெளிறி வந்தாள்.

"ஆச்சி, அடுத்த வாரம் எங்க டாக்டரம்மா வாராங்க. நான் எப்படிச் செய்யுதேன்னு கூட உக்காந்து பாப்பாங்க."

"படிச்சு முடிச்சிட்டேல்லா? பெறவு என்னத்துக்குளா?"

"படிச்சது வேற, ஆளு முன்னால உக்காந்து செய்யுதது வேற ஆச்சி. தப்பிருந்தா சொல்லித் தருவாங்க. இருந்தாலும் பயமா இருக்கு."

எனக்கு விளங்கிவிட்டது. பிஷப் ஊருக்கு வந்து பிள்ளைகளிடம் ஞானோபதேசக் கேள்வி கேட்கும்போது பிள்ளை முழித்தால், சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்குத்தானே தலைகுனிவு? என்னால் இந்தப் பிள்ளை தலைகுனியக் கூடாது. (நான் மூன்றாம் வகுப்பு. பரீட்சையில் தோற்றதே இல்லை. நான்காம் வகுப்புக்குப் போகாததால் இருக்கலாம்.)

ஒரு வாரம் மகன் செத்த கதையை மந்திரம்போல் மனப்பாடம் செய்தேன். வாய் கட்டிப்போகிற இடத்தை அப்படியே தாண்டிவிட்டேன். படகு வந்தது, அடக்கம் செய்தோம், ஆமென். பக்கத்து வீட்டிலிருக்கும் என் தம்பி மனைவி ரோசம்மா மைனி பாடம் கேட்டாள். (அவளுக்கு நான் மைனி, எனக்கு அவள் மைனி.) பரீட்சையன்று ஜன்னலுக்கு வெளியே அவளைக் குத்தவைத்தேன், மறந்தால் எடுத்துக் கொடுக்க.

டாக்டரம்மா ஜெனிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் கண்ணை மூடி மளமளவென்று ஒப்பித்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "படகு கரைக்கு வந்தது" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வாரம் முழுக்க வந்த வார்த்தை, எங்கே போனதோ தெரியவில்லை.

"மைனி! அடுத்து அடக்கம்!" என்றது ஜன்னல்.

நான் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"ஏ மைனி, அடக்கம்! அடக்கம்!"

கண்ணைத் திறந்தேன். ஜெனியின் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவரோ, நீயே பார் என்பதுபோல் தலையை ஆட்டினார். ஜெனி எழுந்துபோய் ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடக்கம் இருக்கட்டும் ஆச்சி. படகு வந்திட்டு. நீங்க எங்க நிக்கீங்க?"

"தண்ணிக்குள்ள."

"என்ன செய்யுதீங்க?"

"தலை துவட்டுதேன். சேலை முந்தியால. ஈரத்தோட கெடக்கான், சளி பிடிச்சிரும்லா... எல்லாரும் கையப் பிடிச்சு இழுக்காவ. இன்னும் காயல, விடுங்கன்னு சொல்லுதேன்."

அதன்பிறகு நான் போட்ட சத்தத்தில் மைனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே தெருப் பெண்கள். சாவு வீட்டு வழக்கப்படி ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து அழுதார்கள். டாக்டரம்மாவையும் விடவில்லை. அவர் கண்ணாடி யாருடைய கொண்டையிலோ சிக்கிக்கொண்டது.

எல்லாம் அடங்கியபின் வாசலில் ஜெனியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. "நானா இருந்தா பதறிப்போய் நிறுத்தியிருப்பேன். நீ நிறுத்தல. இன்னைக்கு உனக்கும் கனமா இருக்கும், ராத்திரி போன் பண்ணு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஜெனி பாஸாம்மா?"

"இது பரீட்சையே இல்லம்மா. மார்க்கு போட்டே ஆகணும்னா உங்க மைனிக்குத்தான் போடணும்."

ஜெனி தொடர்ந்து வந்தாள். நானும் கண்ணை மூடி எத்தனையோ வாரம் அவன் தலையைத் துவட்டினேன். இப்போது கடற்கரைவரை போகிறேன். தண்ணீரில் கால் வைப்பதில்லை.

வீட்டில் நான் பேச்சை நிறுத்தினால் போதும், "அத்தை, அடுத்து அடக்கம்" என்பாள் மருமகள். போன கல்லறைத் திருநாளில் அந்தோணி கல்லறை முன்னால் வாயடைத்து நின்றேன். மைனி காதோரம் வந்து அதையேதான் சொன்னாள். மெழுகுவர்த்தி அணையும்படி சிரித்தேன். சாமியாரே திரும்பிப் பார்த்தார்.

சிரித்து முடித்த பிறகும் அவன் அங்கேயேதான் கிடந்தான்.