பின்னட்டையில் அழுத வாசகி

இலக்கியத்தை வாழவைப்பவர் எழுத்தாளர் என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். வாழவைப்பது பின்னட்டை. எங்கள் பதிப்பகத்தின் பின்னட்டைகளுக்கு உயிர் கொடுப்பது, விளம்பரப் பிரிவுத் தலைவனாகிய அடியேன் நிறுவிய ‘இளைய வாசகர் கருத்தறியும் குழு’.

இம்முறை வந்த நூல், பழைய தேவதைக் கதையின் ‘புரட்சிகர மறுஆக்கம்’. பழைய கதையில் அரக்கன் பறித்த இளவரசியின் குரலை ராஜகுமாரன் மீட்டுத் தருவான். எங்கள் நாவலில் அவளே கடல் தாண்டிப் போய் மீட்கிறாள். பெண்குலத்துக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

கருத்துச் சொல்ல, எங்கள் மெய்ப்புத் திருத்துநரின் மகளை அழைத்திருந்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வினை அங்கேதான் வந்தது. நாவலை முழுதும் படித்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் குழுவில் அப்படியொரு வழக்கமே கிடையாது.

“குரல் கிடைச்ச பிறகு அவ ஒரு வார்த்தைகூடப் பேசலையே சார். கடைசி அத்தியாயம் முழுக்கக் கிளியும் மந்திரியும்தான் பேசுறாங்க.”

நாவலாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது குறியீடும்மா.”

“எதுக்குக் குறியீடு?”

“அதை வாசகர்தான் கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சுட்டேன் சார். நீங்க மறந்துட்டீங்க.”

நிலைமையைச் சமாளிக்க, அச்சாகி வந்திருந்த அட்டையை முதலாளி அவளிடம் நீட்டினார். பின்னட்டையில் அவள் படம். கீழே, ‘இளவரசி பேசப் பேச நான் விம்மி அழுதேன்’ என்ற அவளது ‘மனமார்ந்த’ கருத்து.

“நான் இப்படிச் சொல்லவே இல்லையே.”

“நீ எப்படியும் சொல்லியிருப்பேம்மா. நாங்க கொஞ்சம் முந்திக்கிட்டோம், அவ்வளவுதான்,” என்றேன் கனிவாக.

“அவதான் பேசவே இல்லையே. படிக்கிறவங்க என்னைத்தானே பொய்க்காரின்னு சொல்லுவாங்க? நான் சொன்னதைப் போடுங்க, இல்லைன்னா என் படத்தை எடுத்துருங்க.” மெய்ப்புக் கட்டோடு ஓரமாக நின்றிருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா?”

“ஒரு ஒற்று விட்டுப்போயிருந்துச்சும்மா,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “அதை மட்டும்தான் பார்த்தேன்.”

முதலாளி பெருந்தன்மையின் சிகரம். கோபப்படவே இல்லை. “உங்க ஒப்பந்தத்தை அடுத்த மாசம் புதுப்பிக்கணும்ல?” என்று அப்பாவை நலம் விசாரித்தார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. “பேசாம இரும்மா,” என்றார்.

அவள் பேசாமல் இருந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. ஆக, அழுததாக நாங்கள் போட்டதும் பொய்யில்லை என்றாயிற்று.

வெளியீட்டு விழாவில் அவளை மேடையேற்றினோம். முன்யோசனையாக ஒலிவாங்கியை அவளிடம் தரவில்லை. அவளுடைய கருத்தை நானே உருக்கமாக வாசித்தேன். “பெண்கள் இனி மௌனமாக இருக்கமாட்டார்கள்,” என்று நாவலாசிரியர் முழங்க, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் கலைகையில் ஓர் அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லாப் பேசினே கண்ணு.”

“நான் பேசவே இல்லையே ஆன்ட்டி.”

“அடக்கத்தைப் பாரு,” என்று வியந்தார் அம்மையார்.

அந்தப் பாராட்டு முழுவதும் எங்களுக்கே உரியது.