ஊதிப் பார்த்த வயிறு

மல்லசமுத்திரம்,
சித்திரை மாதம், 1986.

தங்கை சௌந்திரத்துக்கு, அண்ணன் வெள்ளியங்கிரி சொல்லச் சொல்ல மருமகள் வசந்தாமணி எழுதுவது. இங்கே என் வயிறு ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். ஜேடர்பாளையத்தில் நீயும் உன் வீட்டுக்கார மாப்பிள்ளையும் உன் மகள், கல்யாணப் பெண் பழனியம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் துணை.

கோபித்துக்கொள்ளாமல் படி. பழனியம்மாள் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று அவள் நெற்றியில் பட்டம் கட்ட என்னால் வர முடியாது. பங்காளி சின்னண்ணனைக் கட்டச் சொல். "மாமன் வந்து கட்டாட்டி நான் மணையிலயே உக்கார மாட்டேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

போன தை மாதம் உன் பேரனுக்குக் காது குத்தியபோது நடந்தது உனக்குத் தெரியும். குழந்தை என் மடியில் வீறிட்டு அழுகிறது, ஆசாரி ஊசியை எடுக்கிறார், மேளக்காரர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துகிறார், சரியாக அந்தக் கணம் பார்த்து என்னிடமிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் நடந்தது எதுவும் மறக்காது, அதுதான் என் தொல்லை. அன்றைக்கு யார் யார் திரும்பிப் பார்த்தார்கள், யார் முந்தானையை வாயில் வைத்தார்கள் என்று இப்போதும் வரிசை தவறாமல் சொல்வேன். அதற்குப் பிறகு நான்கு பேர் கூடுகிற இடமென்றால் நான் வேலி ஓரமாகப் போய்விடுகிறேன். வயிறு மட்டும் உழவு டிராக்டர் மாதிரி உறுமிக்கொண்டே இருக்கிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வயிற்று டாக்டர் வந்திருக்கிறார் என்று கேட்டு, வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூச்சை ஊதிப் பார்க்க வேண்டும் என்றார். வலிக்கிறது வயிறு, இவர் வாயைக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தேகம். அவர் பொறுமையாகச் சொன்னார்: சிறுகுடலில் இருக்கக் கூடாத அளவுக்குக் கிருமி பெருகிவிட்டால், நாம் குடிக்கிற இனிப்பை அது தின்று வாயு விடுமாம், அந்த வாயு ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியே வருமாம். எனக்குள் உண்டாகும் வாயுவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும் என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். "நாளைக்குக் காலையில விரதமா வந்துருங்க" என்றார். விரதத்தை எனக்கா சொல்லித் தர வேண்டும்? பழனிக்குக் காவடி எடுத்த உடம்பு இது. அன்று இரவு எருமைப்பால் ஒரு சொம்பு, விடியற்காலையில் வாழைப்பழம், அதற்கு மேல் கடலை உருண்டை, அவ்வளவுதான். சோறு என்று ஒரு பருக்கை தொடவில்லை.

மறுநாள் நர்ஸம்மா ஒரு பையை நீட்டி ஊதச் சொன்னது. பக்கத்து பெஞ்சில் வயிற்றுவலியோடு உட்கார்ந்திருந்த லாரிக்காரர், "ஏனுங்க பெரியவரே, எந்த செக்போஸ்ட்ல மாட்டுனீங்க?" என்றார். எனக்கு மானம் போய்விட்டது. நான் கள்ளைத் தொடாதவன் என்று காட்டுவதற்காக, அடுப்பு ஊதுகிற மாதிரி ஓங்கி ஊதினேன். "மெதுவா தாத்தா, பை கிழிஞ்சிரும்" என்றது நர்ஸம்மா. அதை மிஷினில் விட்டதும் முள் எகிறியது. டாக்டர் மிஷினைத் தட்டினார். "இன்னும் இனிப்புத் தண்ணியே குடிக்கல, அதுக்குள்ள இப்படியா? ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார். "விரதமுங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பிறகு இனிப்புத் தண்ணீரைக் கொடுத்துக் கால் மணிக்கொரு தரம் ஊத வைத்தார்கள். முள் மேலேதான் நின்றது. கிருமி ஏகமாக இருக்கிறது என்று மாத்திரை எழுதி, தீரும்வரை கூட்டத்துக்கும் விருந்துக்கும் போக வேண்டாம் என்றார். அமாவாசை கழிந்து மாத்திரையை ஆரம்பிக்கிறேன். கல்யாணம் அதற்குள் வந்துவிடுகிறது.

ஆக, அன்றைக்குக் காது குத்தில் கேட்டது என் சத்தமே இல்லை அம்மிணி. கேட்காமல் எனக்குள் குடியேறின கும்பலின் சத்தம். இதை மேளக்காரர் உட்பட எல்லோரிடமும் சொல்லிவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பழனியம்மாள் பதினாறும் பெற்று வாழட்டும், தூரத்திலிருந்தே கை தூக்கி வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வெள்ளியங்கிரி (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் நம்பாதே. எழுதி முடித்து வாசித்துக் காட்டிய வசந்தாமணி, பாலும் பழமும் வந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"மாமா, இதை டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"அவரு சாப்பாட்டைத்தானே கேட்டாரு, பாலையும் பழத்தையும் கேக்கலையே சாமி."

மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெரியவரே, விரதம்னா வெறும் வயிறுன்னு நெனச்சேன்" என்றார். "வெறும் வயித்தோட இருந்தா அது பட்டினிங்க, விரதம் இல்லீங்களே" என்றேன். சரி, பட்டினியாகவே வாருங்கள் என்றார். பட்டினி கிடந்து நேற்று ஊதினேன். முள் எழுந்திருக்கவே இல்லை, இனிப்புத் தண்ணீர் குடித்த பிறகும் தூங்கியது. கிருமியும் இல்லை, மாத்திரையும் வேண்டாம், இரவு குடிக்கிற எருமைப்பாலை நிறுத்திப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுது என்றால், "இத்தனை எழுதினதைக் கிழிக்க எனக்கு மனசு வரலீங்க மாமா" என்கிறாள்.

பட்டம் கட்ட வாரேன், பழனியம்மாளிடம் சொல். காது குத்தில் கேட்டது முழுக்க என் சத்தம்தான். பட்டம் கட்டி முடிகிறவரை மேளத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வை.